உன் காலில் இருக்கும் தழும்பு

கோத்தகிரி,
ஜனவரி, ஞாயிறு இரவு

என் அன்பு மகளுக்கு,

நேற்று போனில், "ஏழு மாசப் பிள்ளையை முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேனே, நான் செய்வது சரியாம்மா?" என்று கேட்டாய். "எல்லாம் சரியாப் போகும்" என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டேன். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, அதனால்தான். அப்போது சொல்ல வராததை இப்போது எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

முதலில் ஒரு பழைய விஷயம். உன் இடது கெண்டைக்காலில் ஒரு வெளிறிய தழும்பு இருக்கிறதே, அது என்னவென்று நீ கேட்டபோதெல்லாம் "பிறக்கும்போதே இருந்தது" என்றுதான் சொல்லி வந்தேன். அது பொய். அது தீக்காயம். உனக்கு ஒன்றரை வயதில், நான் கொழுந்தெடுத்த எஸ்டேட்டின் பிள்ளைக்காம்பராவில் பட்டது.

பிள்ளைக்காம்பரா என்றால் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம், பாட்டி சிலோனிலிருந்து கொண்டுவந்த சொல். இந்தியாவும் சிலோனும் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்கள் பாத்திரம் பண்டத்தோடு சேர்த்து இந்த மாதிரிச் சொற்களையும் கொண்டுவந்தார்கள். ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளுக்குத் தனி அறை வைக்க வேண்டும் என்று 1951லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. உங்களைப் போல ஆபீஸ் வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2017ல்தான் அது வந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று. அந்த நாலு தடவையை விட்டுவிடாதே. மேனேஜர் முகம் சுளித்தாலும் போ. நான் ஏற்றத்தில் இருந்த தேயிலைக் காட்டிலிருந்து பால் கொடுக்க இறங்கி ஓடி வருவேன், திரும்பிப் போவதற்குள் மேஸ்திரி சத்தம் போடுவார். போடட்டும் என்று ஓடியவள் நான்.

அது உறைபனி விழும் மாதம். காலையில் புல் எல்லாம் வெள்ளையாக இருக்கும், பிள்ளைகள் கை கால் விறைத்து அழும். அன்றைக்கு இரண்டு ஆயாக்களில் ஒருத்தி வரவில்லை. இருந்தவள் இருபத்திரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்தாள். குளிருக்காகக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு நடுவில் கரி நெருப்புச் சட்டி வைத்திருந்தாள். அவள் ஒரு பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நீ தத்தித் தத்திப் போய் அந்தச் சட்டியின் மேல் காலை வைத்துவிட்டாய். அவள் அதில் பற்பசையைத் தடவி, மேலே கம்பளிக் காலுறையை மாட்டி, சாயங்காலம் உன்னை என் கையில் கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ ராத்திரி முழுக்க அழுதாய். பல் முளைக்கிறது என்று நினைத்தேன். விடியற்காலை காலுறையைக் கழற்றினபோது தோலும் சேர்ந்து வந்தது.

நான் போட்ட சண்டையில் எஸ்டேட்டே கூடிவிட்டது. அவள் அழுதுகொண்டே, "சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்துவிட்டேன் அக்கா" என்றாள். ஒரு வருஷம் அவள் முகத்தில் நான் முழிக்கவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போனது நான்தானே என்ற நினைப்பு அதற்கு மேல் என்னை அரித்தது. அதனால்தான் உன்னிடமும் மறைத்தேன். அவள் என்னிடம் மறைத்தாள், நான் உன்னிடம் மறைத்தேன்.

சுட்டது நெருப்பு. ஆனால் என் மனசில் இத்தனை வருஷம் ஆறாமல் கிடந்தது அவள் சொல்லாமல் விட்டது. அப்போதே சொல்லியிருந்தால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்டியிருக்கலாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம், தழும்பே இவ்வளவு இருந்திருக்காது. இன்னொன்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூடின அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இல்லை, நிறம் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். நம் மலையில் குளிர்காலம் வந்தாலே எனக்கு இந்தப் பயம்தான். அன்றைக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் அந்த அறையில் இருந்தார்கள். உனக்குச் சுட்ட பிறகுதான் அந்தச் சட்டி வெளியே போனது. இது ஞாபகம் வந்தால் இன்றைக்கும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

அப்புறம் நானே பால்வாடியில் ஆயாவாகச் சேர்ந்தேன், உனக்குத் தெரியும். நான் சேர்ந்த முதல் வாரமே ஒரு பையன் படியில் விழுந்து உதடு கிழிந்தது. அவன் அம்மா வரும் நேரம் நெருங்க நெருங்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போதுதான் அந்த ஆயாவின் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் வாசலிலேயே நின்று, எத்தனை மணிக்கு விழுந்தான், எப்படி விழுந்தான், நான் என்ன செய்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தாள்.

ஆகையால் நீ பார்க்கப்போகும் காப்பகத்தில் சுவரில் வரைந்த யானையையும் கேமராவையும் பார்த்து முடிவு செய்யாதே. "போன மாதம் இங்கே எந்தப் பிள்ளைக்கு என்ன அடிபட்டது?" என்று கேள். நடக்கப் பழகும் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒரு முட்டியாவது பெயரும், ஒரு நெற்றியாவது புடைக்கும். "எங்களிடம் ஒன்றுமே நடக்காது" என்று சிரித்தால் அங்கே விடாதே. நோட்டை எடுத்துக் காட்டி, இன்ன நாள், இன்ன நேரம், இப்படி ஆயிற்று, பெற்றோருக்கு உடனே சொன்னோம் என்றால் அங்கே விடு. ஒரு ஆயா வராத நாளில் என்ன செய்வீர்கள் என்றும் கேள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் உன் கால் வெந்தது.

கை கழுவும் இடத்துக்குப் போய் சோப்பைத் தொட்டுப் பார். ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்து வெடித்திருந்தால், மலத்துணி மாற்றின கையே சோறும் ஊட்டுகிறது என்று அர்த்தம். முதல் ஐந்தாறு மாதம் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும், அதற்காக நீ உடைந்து போகாதே. புதிதாகக் கூட்டத்தில் சேரும் எந்தப் பிள்ளைக்கும் வரும். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும், டாக்டர் கொடுக்கும் துத்தநாக மாத்திரையும். போக்கு நின்றாலும் துத்தநாகத்தை 14 நாளும் கொடுத்து முடி. பாதியில் நிறுத்திவிடும் தாய்மார்களோடு நான் மல்லுக்கட்டியது கொஞ்சமல்ல.

தூக்கம். இதில் நான் செய்த தவறை நீ செய்யாதே. உன்னைக் கம்பளியில் சுற்றி, தலைக்குக் குல்லா மாட்டி, குப்புறப் போட்டுத்தான் தூங்கவைத்தேன். இந்தக் குளிரில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். ஒரு வயது வரை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், தலையணையோ கனத்த போர்வையோ கூடாது, தூங்கும்போது தலையை மூடக் கூடாது. அங்கே ஏசி போட்டிருக்கிறார்கள் என்று ஆயாக்கள் குல்லா மாட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடு. தூங்கும் அறையில் ஒரு ஆள் விழித்திருக்கிறாரா, போனைப் பார்க்கிறாரா பிள்ளைகளைப் பார்க்கிறாரா என்று மத்தியானத்தில் சொல்லாமல் போய்ப் பார்.

தொண்டையில் சிக்குவதைப் பற்றியும் கேள். கடலை, பட்டாணி, முழுத் திராட்சை, காசு, பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி, இவற்றில் எதுவும் கைக்கு எட்டக் கூடாது. சிக்கி, அழவும் இருமவும் முடியாமல் போனால், ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளையைத் தலை தாழ முன்கையில் கவிழ்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து, வெளியே வரும்வரை மாறி மாறி. உள்ளே கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவக் கூடாது. "தெரியும்" என்று சொன்னால் போதாது, ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டச் சொல். நீயும் மாப்பிள்ளையும் பழகிக்கொள்ளுங்கள்.

சொல்ல வேண்டியது அவர்கள் மட்டுமில்லை, நீயும்தான். காலையில் காய்ச்சல் மருந்து ஊற்றி, உடம்பு குளிர்ந்ததும் கொண்டுவந்து விட்டுப் போகும் தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதினொரு மணிக்குப் பிள்ளை கொதிக்கும், பக்கத்தில் படுத்திருந்த நாலு பிள்ளைக்கும் ஒட்டிவிடும். கூலி போய்விடும் என்று அவர்கள் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீ அப்படிச் செய்யாதே, லீவு போடு. ஒரு தடவை ஒரு சின்னப் பெண்ணை நாய்க்குட்டி பிறாண்டியதை வீட்டில் மறைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அவளே மழலையில் என்னிடம் சொன்னாள். 1907லிருந்து குன்னூரில் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, வெறிநாய்க்கடி ஊசிக்குப் பேர்போன மலை இது, இங்கேயே இப்படி. பிறாண்டினாலும் உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஊசி போட வேண்டும்.

சாயங்காலம் பிள்ளையை யார் கையில் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடு. நீ, மாப்பிள்ளை, அவ்வளவுதான். இங்கே ஒரு நாள் சொந்தச் சித்தப்பாவே குடித்துவிட்டு வந்து கேட்டார், நான் கொடுக்கவில்லை, இருட்டும் வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டியதும் நானும் டீச்சருமாக டார்ச் அடித்துக்கொண்டு வீட்டில் கொண்டுபோய் விட்டோம். 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பக்கம் தாயோடு நடந்து வந்த மூன்று வயதுப் பிள்ளையைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. அந்தச் செய்தி கேட்டதிலிருந்து நம் தெருப் பிள்ளைகளைத் தனியாக எங்கேயும் அனுப்புவதில்லை. சென்னையில் சிறுத்தை இல்லை, ஆனால் கேட்டைத் திறந்தால் ரோடு இருக்கிறது. கேட்டின் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா பார். பேச ஆரம்பித்ததும் உடம்பு உறுப்புகளின் பேரைச் சொல்லிக்கொடு, யாராவது தொட்டது பிடிக்கவில்லை என்றால் உன்னிடம் சொல்லலாம் என்று சொல்லிக்கொடு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை போனில் போட்டு வை.

நீ செய்வது சரியா என்று கேட்டாய் இல்லையா? சரிதான் தங்கம். என் பால்வாடியில் பகலெல்லாம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளைகள், அம்மா தலை தெரிந்ததும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடும். உன் பிள்ளையும் அப்படித்தான் ஓடிவருவான். அந்த ஆயாவிடம் மரியாதையாகப் பேசு, அவள் சாப்பிட்டாளா என்று கேள். ஏதாவது நடந்து அவள் உண்மையைச் சொன்னால் கோபத்தை அடக்கிக்கொண்டு முதலில் "சொன்னதற்கு நன்றி" என்று சொல். என்னால் அது முடியவில்லை.

வியாழக்கிழமை மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். முதல் வாரம் உன்னோடு இருக்கிறேன், அந்தக் காப்பகத்துக்கும் வருகிறேன். பேரனுக்கு ஒரு நீலக் குல்லா பின்னி வைத்திருக்கிறேன். முழித்திருக்கும்போது மட்டும் போடு.

அன்புடன்,
அம்மா