முதலில் அதிகாரத்தை வாசிப்போம், அப்புறம் பேசுவோம்

பெங்களூரில் தமிழ் வீட்டு ஜெபக்கூட்டங்களையும் வேதபாடக் குழுக்களையும் நடத்துகிற அண்ணன்மார், அக்காமார், போதகர் ஐயாமார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

லிங்கராஜபுரத்திலிருந்து எழுதுகிறேன். ஓய்வுநாள் பாடசாலையில் பாடம் எடுக்கிறவள். உங்களில் பலருடைய வீட்டுக் கூட்டங்களுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வேலை முடிந்து, டிராஃபிக்கில் நொந்துபோய் வந்து, அப்புறமும் ஜமுக்காளம் விரித்து, பதினைந்து பேருக்குக் காபி போட்டுக் கூட்டம் நடத்துகிறீர்கள். அந்த உழைப்பை மதித்தே இதை எழுதுகிறேன்.

நம் கூட்டங்களில் வேதத்தைப் பற்றிய பேச்சு நிறைய இருக்கிறது. வேதம் வாசிப்பது மிகக் குறைவு. ஒரு வசனத்தை ஒருவர் வாசிக்கிறார், பிறகு முக்கால் மணி நேரம் பேசுகிறோம். பேசுவதில் பாதி போன ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டது, மீதி யூடியூபில் கேட்டது. அந்த வசனத்துக்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது, அதைச் சொன்னது யார் என்று பார்க்க யாரும் பக்கத்தைத் திருப்புவதில்லை.

இதனால் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்கலாம். சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டில் ஆறுதல் ஜெபம். எந்த ஏரியா என்று சொல்ல வேண்டாம். வாலிப வயது மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்த குடும்பம். ஜெபத்தை நடத்தியவர் நல்ல மனிதர், அந்தக் குடும்பத்துக்காக ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க நின்றவர். அவர் அந்தத் தாயைப் பார்த்து, “உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்” என்ற வசனத்தைச் சொல்லித் தேற்றினார். ஜெபம் முடிந்து வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் நாலைந்து பேர் நின்று பேச ஆரம்பித்தார்கள். ஆண்டவர் ஏன் இதை அனுமதித்தார்? வீட்டில் ஏதோ சரியில்லாமல் இருந்திருக்கும் என்றார் ஒருவர். தசமபாகம் கொடுக்கிறார்களா என்று கேட்டார் இன்னொருவர். யோபைப் போலப் பொறுமையாக இருக்க வேண்டும் என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.

அந்த வசனம் யோபு 8:7. கடைத் திறப்பு, வீட்டுப் பிரதிஷ்டை, கல்யாணப் பத்திரிகை, காலண்டர் என்று நாம் போடாத இடமில்லை. அதைப் பேசுவது கர்த்தரல்ல, தீர்க்கதரிசியும் அல்ல. யோபுவின் சிநேகிதன் பில்தாத். யாரிடம் பேசுகிறான்? ஏழு குமாரர், மூன்று குமாரத்திகள் என்று பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில், வீடு இடிந்து விழுந்து, பறிகொடுத்த தகப்பனிடம். அதே அதிகாரத்தில் மூன்று வசனம் மேலே போனால், உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதற்குரிய பலனைத்தான் தேவன் கொடுத்தார் என்று அந்தத் தகப்பன் முகத்துக்கு நேரே சொல்கிறான். நீ சுத்தமானவனாக இருந்தால் அவர் உன்னை வாழவைப்பார் என்று அடுத்துச் சொல்லிவிட்டு, அதன் தொடர்ச்சியாகத்தான் துவக்கம், முடிவு என்று வருகிறான்.

கடைசி அதிகாரத்தில் கர்த்தர் இன்னொரு சிநேகிதனான எலிப்பாசிடம் பேசுகிறார். உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, யோபு பேசினதுபோல் “நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” என்கிறார். யோபின் முன்னிலைமையைவிடப் பின்னிலைமையைக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று 42:12 சொல்வதையும் நான் மறைக்கவில்லை. பில்தாத் சொன்ன அந்த வரி நடந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மகனை இழந்த தாயிடம் எந்த வாயிலிருந்து வந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் அந்த நல்ல மனிதர் அதைக் கொடுத்திருக்க மாட்டார். செருப்பு மாட்டும் இடத்தில் நடந்த பேச்சும், யோபுவின் சிநேகிதர்கள் ஒன்பது அதிகாரம் பேசிக் கர்த்தரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே பேச்சு. பேசியவர்களோ வேதத்தின்படி பேசுவதாக நம்பினார்கள். யோபுவின் பொறுமை என்று சொல்கிறோமே, மூன்றாம் அதிகாரத்தில் அவன் வாய் திறந்ததும் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். காரியத்துக்குதவாத வைத்தியர்கள் என்று சிநேகிதர்களைத் திட்டுகிறான். நமக்குத் தெரிந்த யோபு முதல் இரண்டு அதிகாரமும் கடைசி அதிகாரமும்தான். நடுவில் இருப்பதை நாம் வாசித்ததில்லை, அதனால் நடுவில் இருப்பவர்களின் வசனத்தை நாமே பேசுகிறோம்.

ஏன் இப்படி ஆனோம்? சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனமில்லை. ராத்திரி இரண்டு மணி வரை நின்று பாடி ஜெபிக்கிற ஜனங்கள் சோம்பேறிகள் இல்லை.

சின்ன வயதிலிருந்து நமக்கு வேதம் துண்டு துண்டாகத்தான் கைக்கு வருகிறது. மனப்பாட வசனம் ஒரு துண்டு. வருஷப் பிறப்பு ஆராதனையில் தட்டில் வைத்து எடுக்கச் சொல்கிற வாக்குத்தத்த அட்டை இன்னொரு துண்டு. காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வருவது மற்றொன்று. ஒவ்வொரு துண்டும் அர்த்தத்தையும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆயிரம் தடவை கேட்டதால் வாசித்துவிட்டோம் என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. அட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மேஜை மேலும் ஒன்று இருக்கிறது. அட்டையில் வசனத்தோடு, அந்த அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள் என்றும் ஒரு வரி அச்சடித்துக் கொடுக்கலாமே.

எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள்மேல் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம். வேலை கிடைக்க, விசா கிடைக்க என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா அனுப்பிய நிருபம். முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கிறார். திருநெல்வேலி, வேலூர், கோலார் தங்கவயல் என்று எங்கிருந்தோ வந்து, காவிரி விவகாரம் சூடாகும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த நமக்கு இதைவிட நெருக்கமான அதிகாரம் எது? இந்தப் பட்டணத்துக்காக, பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்காக நாம் என்ன செய்கிறோம் என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசலாம். நான்கு வசனம் மேலே போகாததால் அந்தப் பேச்சு நமக்குள் வரவே இல்லை.

இன்னொரு காரணம் பயம். தப்பாக அர்த்தம் பண்ணிவிடுவோமோ, அதற்குத்தான் போதகர் இருக்கிறாரே என்கிற பயம். பெரோயா பட்டணத்தார் பவுல் நேரில் வந்து பிரசங்கித்ததையே, இப்படித்தான் இருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் 17 அவர்களை மெச்சுகிறது. எந்தப் போதகர் ஐயாவும் அதில் வருத்தப்பட இடமில்லை.

தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிற பிள்ளை தமிழில் பாடும், ஜெபிக்கும், வாசிக்கச் சொன்னால் தலை குனியும். உடனே அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் தடுமாறாமல் வாசிப்பதால் எப்போதும் அவரையே வாசிக்கச் சொல்கிறோம். அந்தப் பிள்ளை கன்னட வேதாகமத்திலிருந்து வாசித்தால் என்ன? பள்ளிக்கூடமே போகாத நம் பாட்டிமார் பிறர் வாசிக்கக் காதால் கேட்டே சுவிசேஷங்களை வரிசையாகச் சொல்லுவார்கள். காதால் முழுசாகக் கேட்பதும் வாசிப்புதான். பவுலின் நிருபங்களே சபையில் உரக்க வாசிக்க எழுதப்பட்டவை. லவோதிக்கேயா சபையிலும் இதை வாசிக்கச் செய்யுங்கள் என்று கொலோசெயர் நிருபத்தின் கடைசியில் இருக்கிறது.

தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சானது நம்முடையது. அதற்கு முன்னூறு வருஷத்துக்குப் பிறகும் அடுத்தவர் சொல்லித்தான் நமக்கு வேதம் தெரியும் என்ற நிலை எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்பது இதுதான். வரும் லெந்து காலத்தில் உங்கள் கூட்டங்களில் யோபு புஸ்தகத்தை எடுங்கள். நாற்பத்திரண்டு அதிகாரம், வாரத்துக்கு ஏழு என்றால் ஆறு வாரம். முதல் முக்கால் மணி நேரம் வாசிப்பு மட்டும், ஆள் மாற்றி ஆள். அப்புறம் பேச்சு. எஸ்றாவின் நாளில் காலை முதல் மத்தியானம் வரை வாசித்தார்கள், வாசித்ததற்குத்தான் அர்த்தம் சொன்னார்கள். பேச்சு தொடங்கும்போது, இந்தப் பகுதியில் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார் என்று முதலில் கேளுங்கள். கூட்டம் நடத்துகிறவர் கடைசியாகப் பேசட்டும். யாராவது ஒரு வசனத்தைச் சொன்னால், எந்த இடம் என்று கேட்டு எல்லோரும் திருப்பிப் பார்க்கும் வரை காத்திருங்கள். ஆரம்பத்தில் சங்கடமாக இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அத்தனை வாரம் முடியாது என்கிறவர்கள் பவுல் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தில் ஆரம்பியுங்கள். மொத்தமே இருபத்தைந்து வசனம், காபி வருவதற்குள் முடிந்துவிடும். ஒரு எஜமானும் அவனிடமிருந்து பிரிந்துபோன அடிமையும் அதில் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிற நமக்குப் பேச நிறைய இருக்கும்.

எங்கள் வீட்டு மாடி வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் காலியாகத்தான் இருக்கிறது. பெரிய எழுத்து வேதாகமம் நாலைந்து வைத்திருக்கிறேன், கன்னடத்தில் இரண்டு. இடம் இல்லாத குழு எதுவானாலும் ஓய்வுநாள் பாடசாலை முடியும் நேரத்தில் என்னிடம் சொல்லுங்கள், சாவி தருகிறேன்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஓர் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை
லிங்கராஜபுரம், பெங்களூரு