வாங்கிய காசுக்கு ஓட்டுப் போட்டவர்கள்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் கமலாவுக்குப் பெரிய நிம்மதி. மாடிப்படி பக்கம் போகாமல் பார்த்துக்கொள். எனக்குச் சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இந்த எம்எல்ஏ, எம்பிகளை எந்தச் சட்டம்டா தொட்டிருக்கு?" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியவில்லை. பெஞ்ச் கிளார்க்காகவே காலத்தை ஓட்டியவன் அல்லவா! தொட்டிருக்கிறது. ஆனால் எப்போது தொட்டது என்பதில்தான் சங்கதியே.

1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? தீர்மானத்துக்கு ஆதரவு 251, எதிர்ப்பு 265. ஆட்சி தப்பியது. அப்புறம்தான் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா கட்சி எம்பிகளும் வேறு சிலரும் காசு வாங்கிக்கொண்டு காப்பாற்றினார்கள் என்ற புகார் கிளம்பி, சிபிஐ வழக்கானது. சபையில் போட்ட ஓட்டுக்காக எந்த உறுப்பினர் மீதும் வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது அரசியல் சாசனத்தின் 105-வது பிரிவு. அதைப் பிடித்துக்கொண்டு 1998-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து பேரில் மூன்று நீதிபதிகள், லஞ்சம் வாங்கி ஓட்டுப் போட்டவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பு சொன்னார்கள். இதே புகாரில் சிக்கிய இன்னொரு எம்பி அஜித் சிங் அன்று ஓட்டுப் போடவில்லை. அதனால் அவருக்கு மட்டும் பாதுகாப்பு கிடையாது! வாங்கிய காசுக்கு வேலையைச் செய்து கொடுத்தால் தப்பலாம், ஏமாற்றினால்தான் கேஸ். கொடுத்த பக்கத்தில் ராவுக்கும் பூட்டா சிங்குக்கும் 2000-இல் தண்டனை கிடைத்தது. 2002-இல் டெல்லி ஹைகோர்ட் இருவரையும் விடுவித்துவிட்டது.

அந்தத் தீர்ப்பு 26 வருஷம் நின்றது. அது விழுந்த விதமும் வேடிக்கைதான். 2012 ராஜ்யசபா தேர்தலில் ஓட்டுக்குப் பணம் வாங்கியதாக ஜார்க்கண்ட் எம்எல்ஏ சீதா சோரன் மீது வழக்கு. அவர் 1998 தீர்ப்பைக் காட்டிப் பாதுகாப்புக் கேட்டார். 1993 வழக்கில் சிக்கிய முக்தி மோர்ச்சா தலைவர் சிபு சோரனின் மருமகள்தான் இவர். மாமனாரைக் காத்த தீர்ப்பு மருமகளுக்கு உதவவில்லை. 2024 மார்ச் 4-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அதைத் தூக்கி எறிந்தார்கள். காசைக் கைநீட்டி வாங்கியபோதே குற்றம் முடிந்துவிட்டது, பிறகு ஓட்டை எப்படிப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்றார்கள்.

பதவி பறிபோகிற விஷயமும் இதே போலத்தான். முன்பெல்லாம் தண்டனை விழுந்தாலும் மூன்று மாதத்துக்குள் அப்பீல் போட்டுவிட்டால் நாற்காலி பத்திரம். 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தச் சலுகையை ரத்து செய்தது. மாட்டுத்தீவன ஊழல் வழக்கில் தண்டனை பெற்ற லாலு எம்பி பதவியை இழந்தது அதற்குப் பிறகுதான். மறு வருஷம் செப்டம்பரில் ஜெயலலிதா முதல்வராக இருக்கும்போதே பதவி போனது. ஆனால் கணக்குப் பார், 1991 முதல் 1996 வரை சேர்த்த சொத்துக்கு 2014-இல் தீர்ப்பு. 2015-இல் கர்நாடக ஹைகோர்ட் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் கடன் தொகையைக் கூட்டியதில் 10.67 கோடி 24.17 கோடியாகிவிட்டது. எங்கள் பழைய சிரஸ்தார், அதாவது கோர்ட் தலைமை கிளார்க், பார்த்திருந்தால் கேஸ் கட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிந்திருப்பார். 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தண்டனையை உறுதி செய்தபோது ஜெயலலிதா இறந்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. அதே வழக்கில் தண்டனை பெற்ற சசிகலா ஜெயிலுக்குப் போனார்.

வாய்தா என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? எங்கள் கோர்ட்டில் ஒரு லஞ்ச வழக்கு. மகஜரில், அதாவது போலீஸ் சாட்சிகளை வைத்து எழுதும் பத்திரத்தில், கையெழுத்துப் போட்ட ரிட்டையர்டு தாலுகா ஆபீஸ்காரர் ஒருவரைக் கூண்டில் ஏற்றினார்கள். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடியும் கொண்டுபோய்ப் பார்த்தார். "எழுத்து என்னோடது மாதிரித்தான் இருக்கு. என்ன நடந்ததுன்னு ஞாபகம் இல்லீங்க" என்றார். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. பதினாலு வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணைகூட இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். விலைக்கு வாங்கின சாட்சியைவிட இப்படி மறந்துபோன சாட்சி அவர்களுக்கு லாபம், செலவே கிடையாது.

அதனால் சட்டம் இல்லை என்று நீ சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சட்டம் போதும். தேதிதான் கிடைப்பதில்லை. எம்பி, எம்எல்ஏக்களுக்கென்று தனிக் கோர்ட்டுகள் வந்திருக்கின்றன, அங்கேயும் அடிக்கடி ஹைகோர்ட் தடையுத்தரவு வந்து குறுக்கே நிற்கிறது.

சட்டக் கல்லூரியில் படிக்கும் உன் பேத்தியை 1998 தீர்ப்பில் நீதிபதி அகர்வால் எழுதிய சிறுபான்மைத் தீர்ப்பைப் படிக்கச் சொல். 2024-இல் ஜெயித்தது அந்தக் கருத்துதான். படித்துவிட்டு அவள் என்ன சொல்கிறாள் என்று எழுது. உன் கருத்து எனக்குத் தெரியும், அது வேண்டாம்.

அன்புடன்,
கணேசன்