குழாயில் தண்ணீர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனா பரவலைத் தடுக்கப் பள்ளிகளையும் திரையரங்குகளையும் 2020 மார்ச் 31 வரை மூட உத்தரவிட்ட தமிழக அரசின் முடிவு வரவேற்கத்தக்கது. முகக்கவசத்தையும் கிருமிநாசினியையும் மத்திய அரசு கடந்த மார்ச் 13-ஆம் தேதி அத்தியாவசியப் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆயினும், சென்ற மாதம் 3 ரூபாய்க்கு விற்ற சாதாரண முகக்கவசத்துக்கு எங்கள் பகுதி மருந்துக் கடையொன்றில் நேற்று 25 ரூபாய் கேட்டார்கள். ரசீது கேட்டதும், "ஸ்டாக் இல்லை" என்று பெட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். பதுக்கலைத் தண்டிக்கும் சட்டம் கையில் இருக்கும்போது, கடைகளில் திடீர்ச் சோதனை நடத்த என்ன தயக்கம்?

அதைவிட அவசரமானது கை கழுவும் வசதி. யாரைக் கைப்பேசியில் அழைத்தாலும் முதலில் ஓர் இருமல் சத்தம், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லும் அறிவுரை. அதைக் கேட்டுக்கொண்டே பேருந்து நிலையத்துக்குள் நுழைந்தால், அங்குள்ள நான்கு குழாய்களில் மூன்று காய்ந்து கிடக்கின்றன. நான்காவதற்குத் திருகே இல்லை. சோப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சென்ற கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு நள்ளிரவு வரை காத்திருந்த எங்களுக்கு, அடிக்கடி கை கழுவுவது எளிய காரியமன்று.

கோழிக்கறியால் கொரோனா வரும் என்ற வாட்ஸ்ஆப் வதந்திக்கு மறுப்புத் தெரிவிப்பதில் காட்டும் வேகத்தை இதிலும் அதிகாரிகள் காட்டலாம். பேருந்து நிலையங்களிலும் ரேஷன் கடைகளிலும் அரசு மருத்துவமனை வாயில்களிலுமாவது தண்ணீர்த் தொட்டியும் சோப்பும் வைத்து, அவை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வார்டுவாரியாக ஓர் ஊழியரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை