தீசிஸ் தொடங்கும் முன்பே மாணவர்களை எங்களிடம் அனுப்புங்கள்

தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்துக்கு வணக்கம்.

மருத்துவக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகளாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் ஓர் எம்.டி. மாணவி, தீசிஸ் கொடுக்க மூன்று வாரம் இருக்கும்போது பென்டிரைவோடு வந்தார். "பி வேல்யூ மட்டும் போட்டுக் கொடுங்க சார்." கிடைத்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று எடைபோட உதவும் எண் அது. 80 நோயாளிகளின் வலி அளவு; சிகிச்சைக்கு முன் எடுத்தது ஓர் எக்செல் ஷீட்டில், பின் எடுத்தது இன்னொன்றில். நோயாளி எண் எதிலும் இல்லை. போதாததற்கு இரண்டையும் தனித்தனியாக ஏறுவரிசையில் அடுக்கியிருந்தார். எந்த எண் யாருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வருட உழைப்பு. அந்தப் பெண் அழுதேவிட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஷீட்டில் ஒரு வரி, முன் அளவும் பின் அளவும் அதே வரியில் என்று முதலாண்டிலேயே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர அவருக்கு யாரும் இல்லை.

முதுநிலை மாணவர்கள் உயிரி மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பை ஆன்லைனில் முடிக்க வேண்டும் என்று 2019-இல் விதி வந்தது. சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் நல்ல படிப்பு அது. அந்த மாணவியும் அதில் தேறியவர்தான். ஆனால் தன் ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும், எதை எப்போது அளப்பது என்பதெல்லாம் சொந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போதுதான் பிடிபடும்.

முன்கூட்டியே திட்டமிடுவதன் பலனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் இருந்தவர்கள் 200-க்கும் குறைவு. யாருக்கு வீட்டில் சிகிச்சை, யாருக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் போன்ற முறையில் பிரித்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, நெரிசல் அதிகம். இருந்தும் அவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவை உலகம் ஏற்றுக்கொண்டது, முதல் நோயாளி வருமுன்பே ஆய்வை அப்படித் திட்டமிட்டிருந்ததால்தான்.

இன்னொரு பக்கம், எம்.எஸ்ஸி. உயிர்ப்புள்ளியியல் படிப்பவர்கள். நான் பார்த்தவரை, சுத்தம் செய்து வைத்த தரவிலேயே பழகுகிறார்கள். கேஸ் ஷீட்டில் ஓர் எண்ணை அடித்து மேலே வேறு எண் எழுதியிருந்தால் திகைத்துப் போகிறார்கள்.

இவர்களையும் முதுநிலை மருத்துவ மாணவர்களையும் முதலாண்டிலேயே ஒன்றாக உட்கார வையுங்கள். நெறிமுறைக் குழுவுக்கு ஆய்வுத் திட்டம் போகுமுன், வெற்று அட்டவணையும் (எண்கள் நிரப்பாத முடிவு அட்டவணை) தரவுத் தாளும் இருவரும் சேர்ந்து தயாரிக்கட்டும். மேற்பார்க்க ஒவ்வொரு கல்லூரியிலும் புள்ளியியல் ஆசிரியர் ஒருவரையாவது முழுநேரமாக நியமியுங்கள். அடுத்த சேர்க்கைக்கு முன் இதை விதியாக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு புள்ளியியல் ஆசிரியர்