புகார்: காருக்குள் மழைநீர் புகுவதும், உங்கள் ஊழியர் என் அப்பாவிடம் பேசிய விதமும்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட் (வ), பேராக்.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஆங்கிலத்தில் 4 மின்னஞ்சல், மலாயில் 2 அனுப்பிவிட்டேன். ஆறுக்கும் ஒரே பதில்தான் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி, மூன்று வேலை நாள்களில் தொடர்பு கொள்வோம். கடைசி மின்னஞ்சல் அனுப்பி இன்றோடு 23 நாள் ஆகிறது. தீபாவளிக்கு நீங்கள் தமிழில் விளம்பரம் போட்டிருந்தீர்கள். தமிழில் கார் விற்கத் தெரிந்த இடத்தில் தமிழில் ஒரு புகாரைப் படிக்க ஒருவராவது இருப்பார் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

எந்த மாடல், எந்த இன்ஜின் என்று நான் விளக்கப் போவதில்லை. செய்தவர்கள் நீங்கள், என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சேஸ் எண், வாங்கிய ரசீது, சர்வீஸ் புத்தகத்தின் நகல், 31 படங்கள், 4 காணொளிகள் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. அந்த இடது பின்விளக்குப் பக்கம் தண்ணீர் இறங்குகிற சங்கதி உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாமல் இருக்காது என்றே நினைக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரின் இன்ஜினில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாங்கிய மாதமே சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போனோம். ஏற்றத்தில் முன்னால் காய்கறி லாரி போய்க்கொண்டிருந்தது. மிதித்த உடனே டர்போ பிடித்து, அரை மூச்சில் தாண்டிவிட்டது. வளைவில் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்டது, பிரேக்கும் அப்படித்தான். 92,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) இப்படி ஓடுகிற கார் கிடைப்பது பெரிய விஷயம் என்று நான் வேலை செய்யும் ஆலையில் எல்லாரிடமும் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் உங்கள் ஷோரூமுக்குப் போய் டெஸ்ட் டிரைவ் கூட எடுத்தார்கள். இப்போது அவர்கள் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பரில் மழை தொடங்கியது. ஒரு வாரத்தில் காருக்குள் ஈரச் சாக்கு வாடை. பின்னால் சாமான் வைக்கும் இடத்தின் பலகையைத் தூக்கிப் பார்த்தால், ஸ்பேர் டயர் குழியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். ஜாக்கியில் துரு பிடித்திருந்தது. வாங்கி ஐந்தே மாதம்!

உங்கள் ஈப்போ கிளையில் முதல் தடவை சொன்ன பதில், "கண்ணாடியைத் திறந்து வைத்திருப்பீர்கள்." இரண்டாவது தடவை எதையோ தடவி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை, மாற்று உதிரிபாகம் வர ஆறு வாரம் என்றார்கள். அந்த ஆறு வாரம் முடிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறுக்க முடியாமல் நானே பார்த்தேன். பின் சீட்டை மடக்கி, உள்ளே படுத்து, கதவை மூடச் சொன்னேன். வெளியிலிருந்து அப்பா தோட்டத்து ரப்பர் குழாயைப் பிடித்து விளக்கின் மேல் தண்ணீர் அடித்தார். உள்ளே டார்ச் லைட்டோடு நான். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவில், கீழ் மூலையில், ஒரு சொட்டு மெதுவாகத் திரண்டு நின்று, தகட்டின் மேல் வழிந்து, குழிக்குள் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. விளக்கைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் புகாமல் இடைவெளியை அடைக்கிற கறுப்பு ஸ்பாஞ்ச் கேஸ்கெட் ஒரு பக்கம் உள்பக்கமாக மடிந்து, நசுங்கி உட்கார்ந்திருந்தது. மடிந்த கோடு அப்படியே பதிந்துபோயிருந்தது. அதாவது தொழிற்சாலையில் விளக்கை மாட்டிய அன்றே அது மடிந்துவிட்டது. ஒருவர் அரை நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் போதும். படம் 7, 8, 9 பாருங்கள்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பக்கம் 11 வருடமாக வேலை செய்கிறவன். பழக்குலைகளை வேக வைக்கும் ஸ்டெரிலைசரில் 3 பார் அழுத்தத்தில் நீராவி நிற்கும். அதன் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் கேஸ்கெட்தான் இருக்கிறது. அதை மடிந்த மாதிரி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் அடுத்த நாள் எனக்கு வேலை இருக்காது, யாருக்காவது உயிரும் இருக்காது. எங்கள் சின்ன ஊர் ஆலையில் நீராவியை அடைத்து வைக்கிறோம். உங்களால் மழைத்தண்ணீரை அடைக்க முடியவில்லை.

இனி பட்டர்வொர்த் கதை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

ஈப்போவில் முடியாது, பட்டர்வொர்த் பெரிய கிளைக்குக் கொண்டு போங்கள் என்று உங்கள் அழைப்பு மையம்தான் சொன்னது. தேதியும் அவர்கள் கொடுத்ததுதான், காலை 9.30. நான் ஒரு நாள் லீவு போட்டேன். மனைவிக்கு வேலை இருந்ததால், வண்டியை விட்டுவிட்டு வரும்போது துணைக்கு இருக்கட்டும் என்று அப்பா கூட வந்தார். அவருக்கு வயது 68, இரண்டு முழங்காலிலும் வலி. கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறினோம். தைப்பிங் பக்கம் போனதும் மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங் மழை எப்படி இருக்கும் என்று இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். பின்னால் தண்ணீர் தளும்புகிற சத்தம் முன் சீட்டில் கேட்டது. அப்பா ஒன்றும் பேசாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அங்கே போனால், பார்க்க வேண்டிய டெக்னீஷியன் அன்று எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாமே! காலை 9.10 முதல் மதியம் 2.20 வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒரு சேவை ஆலோசகர் வந்தார், நம் தமிழ்ப் பையன்தான். வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னார்:

"அண்ணே, இந்த வெலைக்கு இவ்வளவு பவர் குடுக்குறோம்ல. மத்ததுல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். ஸ்போர்ட்டி காருன்னா அப்படித்தான்."

நான் மடிந்த கேஸ்கெட்டின் படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் என் அப்பாவின் செருப்பைப் பார்த்தார். "அங்கிள் தோட்டத்துலேர்ந்து வர்றாரா? தோட்டத்து ரோட்டுல ஓட்டுனா எந்தக் காரும் தாங்காது. ஈரக் காலோட ஏறுனா வாடை வரத்தான் செய்யும்."

என் அப்பா 34 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் எழுந்து மரம் வெட்டி, பால் சுமந்து, என்னையும் என் அண்ணனையும் படிக்க வைத்தார். இந்தக் காருக்கு முன்பணமாகப் போன 9,200 வெள்ளியில் 4,000 அவருடைய சேமிப்பு. கடைக்கு முன்னால் இருந்த கால் மிதியில் இரண்டு தடவை செருப்பைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார், நான் பார்த்தேன். உங்கள் ஊழியர் சொன்னதைக் கேட்டு அவர் தலையைக் குனிந்து தம் காலைப் பார்த்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முதல் அவருக்கு முழங்கால் வலி இரண்டு மடங்காகிவிட்டது, அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. காரில் ஏறச் சொன்னால், "வேணாம் தம்பி, நான் மோட்டார்லயே போயிடுறேன்" என்கிறார்.

மன்னிக்கவும், கோபத்தில் வரிசை மாறிவிட்டது. டாஷ்போர்டு சத்தத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் இடப்பக்கம் டக் டக் டக் என்று அடிக்கும். ஈப்போவில் இரண்டாவது தடவை போனபோது அதையும் சரி செய்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. கையுறைப் பெட்டியைக் கழற்றினால், பிளாஸ்டிக் இரண்டும் சேரும் இடத்தில் நாலாக மடித்த ஓர் அட்டைத் துண்டு செருகியிருந்தது. பிரித்துப் பார்த்தேன், ஸ்பார்க் பிளக் பெட்டியின் மூடி. பக்கத்தில் உடைந்த கிளிப் அப்படியே இருந்தது. இரண்டு வெள்ளி கூடப் பெறாத கிளிப்பை மாற்ற மனமில்லாமல் அட்டையைச் செருகிவிட்டு, ரசீதில் "சரி செய்யப்பட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பட்டர்வொர்த்தில் அந்த ஊழியர் சொன்னதை அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். விலை குறைவு என்பதால் ஏதோ ஓரிடத்தில் கையைக் கட்டித்தான் ஆக வேண்டும், அது எனக்குப் புரிகிறது. கதவில் மெத்தென்ற பிளாஸ்டிக் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தோல் சீட் கேட்கவில்லை. ஆலையில் என் கூட்டாளி சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் கார் வைத்திருக்கிறார். அதிலும் உள்ளே தட்டினால் டொக்கென்று கேட்கும் கெட்டிப் பிளாஸ்டிக்தான். ஆனால் ஒன்றோடொன்று இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது, சத்தம் இல்லை. என் அண்ணன் ஒரு காலத்தில் புரோட்டான் சத்ரியா ஜிடிஐ கார் வைத்திருந்தார். மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் இன்ஜின், லோட்டஸ் கை வைத்த சஸ்பென்ஷன். அண்ணன் அதை ஓட்டாத ஓட்டமா? ஒரு மழையிலும் உள்ளே தண்ணீர் வந்ததில்லை. மலிவான சாமான் போடுவது வேறு, போட்ட சாமானை ஒழுங்காக மாட்டாமல் விடுவது வேறு.

இன்னொன்று. வேகமாக ஓடுகிற காருக்கு நீங்கள் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குகிறீர்கள், 17 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் குட்டையான டயர் போடுகிறீர்கள். சாலையில் இருக்கும் ஒவ்வொரு மேடு பள்ளமும் டயரில் அடங்காமல் நேராக பாடிக்கு ஏறுகிறது. அப்படியென்றால் கிளிப்பும் கேஸ்கெட்டும் சாதாரண காரைவிட இன்னும் இறுக்கமாக அல்லவா இருக்க வேண்டும்? பவர் கொடுத்தோம், அதனால் மற்றது தளர்ந்திருக்கும் என்பது என்ன நியாயம்? தோட்டத்து சாலையில் ஓட்டக்கூடாது என்றால் சுங்கை சிப்புட்டில் ஏன் விற்றீர்கள்? விற்பனையாளர் என் வீட்டு வாசல்வரை வந்துதான் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அப்போது அந்தச் செம்மண் சாலை அவர் கண்ணில் படவில்லையா?

இப்போது நிலைமை மோசமாகிவிட்டது. பின்னால் தேங்கிய தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் ஊறி முன் சீட் வரை வந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் இருக்கும் ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறது. போன வாரம் முதல் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. மோதினால் ஏர்பேக் விரியுமா விரியாதா என்று தெரியாத காரில் என் மகளை எப்படிப் பள்ளிக்கூடம் கொண்டு போவது? நான்கு நாளாக என் மாமனாரின் பழைய புரோட்டான் சாகா காரை இரவல் வாங்கி ஓட்டுகிறேன். மாதம் 974 வெள்ளி பேங்குக்குக் கட்டுகிற கார் வாசலில் நிற்கிறது. இன்னும் 99 மாதம் கட்ட வேண்டும்.

லீவு, பெட்ரோல், டோல், கெட்டுப்போன கார்ப்பெட், தூக்கம் இல்லாத இரவுகள் எல்லாம் சேர்த்தால் என் நஷ்டம் 10,000 வெள்ளிக்குக் குறையாது. இந்தக் கார் என் குடும்பத்தின் நிம்மதியையே தின்றுவிட்டது.

எனக்குச் சண்டை போட ஆசை இல்லை. நீங்கள் நல்ல இன்ஜின் செய்கிறீர்கள், உங்கள் நிறுவனம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்து 14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுப்பேன். பாரம் 1 என்ற மனுப் படிவம், கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பாரத்தை எடுத்துப் பாதி நிரப்பியும் வைத்துவிட்டேன். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 32ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். விற்கிற பொருள் தோற்றத்திலும் வேலைப்பாட்டிலும் ஏற்கத்தக்கதாக, சிறு குறையும் இல்லாமல், பாதுகாப்பாக, நீடித்து உழைப்பதாக இருக்க வேண்டும் என்கிறது. விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. 92,000 வெள்ளி காருக்கு மழை நனையாத கூரையை எதிர்பார்ப்பது அதிகமா என்று தீர்ப்பாயத்தில் வந்து நீங்களே சொல்லுங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் இதன் நகல் போகும்.

தயவுசெய்து அந்த அளவுக்குப் போக விடாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான். வண்டியை நீங்களே வந்து எடுத்துப் போங்கள், நான் இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டிக்கொண்டு வர மாட்டேன். இரண்டு பக்க விளக்குக் கேஸ்கெட்டும் புதிதாக மாட்டி, என் முன்னால் தண்ணீர் அடித்துக் காட்டுங்கள். கார்ப்பெட், கனெக்டர், உடைந்த கிளிப் மூன்றையும் மாற்றுங்கள். அதுவரை ஓட்ட ஒரு மாற்று வண்டி கொடுங்கள். செலவான பணத்துக்கு ரசீதுகள் இருக்கின்றன.

பட்டர்வொர்த்தில் பேசிய அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கும். அவர் என் அப்பாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்கட்டும். என்னிடம் வேண்டாம், அப்பாவிடம். மாலை 5 மணிக்கு மேல் அவர் வீட்டில்தான் இருப்பார். அவருடைய எண் இணைப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்