நீ வராமல் போனதும் நல்லதுக்குத்தான்

பாப்பாவுக்கு,

ஊர் வந்து பத்து நாளாகிறது. பூட்டிக் கிடந்த வீட்டைப் பெருக்கித் துடைத்து, அரிசியில் விழுந்திருந்த வண்டைப் புடைத்துப் போக்கி, இப்போதுதான் உட்கார நேரம் வாய்த்தது. போனில் பேசினால் "நான் வர முடியாமப் போச்சேம்மா" என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறாய், என்னை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடைசி நேரத்தில் உனக்கு லீவு கிடைக்காமல், நீ டப்ளினில் இருந்து போர்ச்சுகலுக்கு வந்து லிஸ்பனில் எங்களோடு சேர்ந்துகொள்ளாமல் போனது நல்லதாகத்தான் போயிற்று.

நீ அனுப்பிய அட்டவணையை அப்பா பிரின்ட் எடுத்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். முதல் நாள் காலை எட்டரைக்கு மார்ட்டிம் மோனிஸில் 28ஆம் நம்பர் டிராம் என்று போட்டிருந்தாய். போய்ப் பார்த்தால் திருச்செந்தூர் தர்ம தரிசன வரிசை மாதிரி நிற்கிறது கூட்டம். முக்கால் மணி நேரம் நின்றோம், இரண்டு டிராம் நிரம்பிப் போனது. அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஏளா, தண்டவாளம் இங்கதான கெடக்கு, இத புடிச்சே நடந்தா டிராம் எங்க போவுதோ நாமளும் அங்க போவோம்லா" என்றார். அவ்வளவுதான், உன் அட்டவணை அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

அந்தத் தண்டவாளத்தின் அகலம் 900 மில்லிமீட்டர்தானாம், நம்ம ஊர் பழைய மீட்டர் கேஜை விடக் குறுகல். முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்த மனிதர் இதை எனக்கு மூன்று தடவை சொன்னார். கிராசா மேட்டுக்கு ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஏழு குன்று மேல் கட்டின ஊர் என்று நீ சொன்னபோது ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன், என் முட்டிக்கு இப்போது ஏழும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் மேட்டில் நின்று பார்த்தால் ஓட்டுக் கூரைகள் எல்லாம் சரிந்து இறங்கி தேஜோ ஆற்றில் போய் முடிகிறது. அந்த ஆறும் ஆறு மாதிரியே இல்லை, கடல் மாதிரி அகலம். அதே காட்சியைக் காசு கொடுத்துக் கோட்டைக்குள் போயும் பார்த்தோம். கோட்டை எனக்குச் சுமார்தான், மயில்கள் மட்டும் பரவாயில்லை.

கிராசாவில் இருந்து இறங்கும் இடத்தில் தெரு எவ்வளவு ஒடுக்கம் என்றால், டிராம் வந்தால் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்பா என்னைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு முன்னால் நின்றுகொண்டார். பொதுவாக நம்ம ஊரில் அவர் பத்தடி முன்னால் போவார், நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருவேன், உனக்குத் தெரியாததா. இங்கே அது நடக்கவில்லை. காரணம் பாசம் கீசம் எல்லாம் இல்லை, கல். அந்த ஊர் நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிப் பதித்த சுண்ணாம்புக் கல், நடுநடுவே கறுப்புக் கல்லில் கோலம் மாதிரி போட்டிருக்கிறார்கள். ஜனங்கள் நடந்து நடந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது. நவம்பர் மழை வேறு. முதல் நாளே ஒரு சறுக்கலில் அவர் என் கையைப் பிடித்தார், அப்புறம் ஊர் திரும்பும் வரை யார் யாரைத் தாங்கினோம் என்று கேட்காதே.

அந்தக் கல் பதிக்கிற வேலையைப் பார்த்தோம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு தெரு முனையில் இரண்டு பேர் மணைக்கட்டை மாதிரி ஒன்றில் உட்கார்ந்து, கல்லை உள்ளங்கையில் வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டு, விளிம்பு சரியாகிவிடுகிறது, அப்படியே மணல் படுக்கையில் சொருகுகிறார்கள். சிமென்ட் பூச்சு கிடையாது. மழைத் தண்ணீர் இடுக்கு வழியாகக் கீழே போய்விடும் என்று அப்பா எனக்கு விளக்கினார். நாற்பது நிமிஷம் நின்றோம். பாஷை இல்லை, சைகைதான். கடைசியில் அந்த ஆள் சிரித்துக்கொண்டே ஒரு கல்லை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டியிருப்பார், அவ்வளவு சந்தோஷம். குனிந்து பதித்தார். அந்த ஆள் பார்த்தார், கல்லைப் பிடுங்கினார், தலைகீழாகத் திருப்பிப் பதித்தார். நான் சிரித்த சிரிப்புக்கு அன்றைக்கு மதியம் வரை என்னோடு பேசவில்லை.

தண்டவாளம் இறங்கி பைஷா என்கிற கீழ்ப்பகுதிக்குள் போனதும் தெருக்கள் திடீரென்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராகிவிடுகின்றன. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், எல்லாக் கோயிலிலும் மெழுகுவத்தி எரிகிற காலை நேரம், பூகம்பம். அப்புறம் ஆற்றில் இருந்து அலை வந்து, தீயும் பிடித்து, ஊரே போய்விட்டது. பொம்பால் என்கிற மந்திரி திரும்பக் கட்டினார். சுவருக்குள்ளே மரச் சட்டங்களால் கூண்டு அடித்து, அதில் குறுக்குக் கட்டைகள் வைத்து, பூமி ஆடினால் கூண்டும் சேர்ந்து ஆடட்டும், விழக் கூடாது என்று ஒரு முறை. அது தாங்குமா என்று பார்க்க ஒரு மாதிரியைச் செய்து, அதைச் சுற்றிச் சிப்பாய்களைத் தரை அதிர நடக்க வைத்துச் சோதித்ததாகச் சொல்கிறார்கள். அப்பா அந்தத் தெருவில் போகிற வருகிற சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. மேலே கார்மோ மடத்தில் கூரை விழுந்ததை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், வளைவுகள் மட்டும் வானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, உள்ளே மழை பெய்கிறது. அங்கே அவர் எதையும் தட்டவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. நாங்கள் தங்கின வீட்டம்மா கையை நீட்டி "ஷாவ், ஷாவ்" என்றார். எனக்குப் புரியவே அரை நிமிஷம் ஆயிற்று, சாவி! அப்புறம் ஜன்னலைக் காட்டி ஜனேலா, மேசையைக் காட்டி மேஸா. எல்லாம் போர்ச்சுகீசியர் வழியாக நம்ம பாஷைக்கு வந்த வார்த்தைகள். பைஷாவில் ஒரு தெருவுக்குச் செருப்புத் தைக்கிறவர்கள் தெரு என்று பேர், சப்பத்தேய்ரோஸ். தூத்துக்குடியில் எங்க ஆச்சி ஷூவைச் சப்பாத்து என்றுதான் சொல்வாள், நீ கேலி செய்வாயே. தமிழ்ப் புத்தகம் முதன்முதலில் அச்சேறினது 1554இல் இந்த லிஸ்பனில்தான், அதுவும் ரோமன் எழுத்தில் போட்ட ஒரு ஜெபப் புத்தகம். அங்கே ஆர்செனல் தெருவில் உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீனை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அந்தக் கருவாட்டு வாசனையில் எனக்கு ஊர் ஞாபகமே வந்துவிட்டது. ஒரு கடையில் மட்டும் ஏமாந்தோம். கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் கொண்டு வைத்தார்கள், சரி, இலவசம் போலிருக்கிறது என்று ரசித்துத் தின்றோம், பில்லில் ஏழு யூரோ. அங்கே அதுதான் வழக்கமாம், வேண்டாம் என்றால் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

பெலேமுக்கு மட்டும் வண்டியில் போனோம். வாஸ்கோ ட காமா கல்லறையைப் பார்த்து அப்பா, "கொச்சியிலே செத்தவரை இவ்வளவு தூரம் தூக்கியாந்திருக்கான்" என்றார். முட்டை டார்ட் இரண்டு தின்றோம். அவ்வளவுதான் பெலேம்.

தண்டவாளத்தைக் கடைசி வரை விடவில்லை. அது முடிகிற இடம் ஒரு கல்லறைத் தோட்டம், அதற்குப் பேர் பிரசேரெஸ், அப்படியென்றால் இன்பங்கள் என்று அர்த்தமாம். அங்கே போவதற்கு முன்னால் எஸ்த்ரேலா பூங்கா பெஞ்சில் காகிதச் சுருளில் சுட்ட கஷ்கொட்டையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அப்பா கணக்குப் போட்டார். 1989இல் கல்யாணமானதும் கொடைக்கானல் போனோம், பாட்டியும் பெரிய அத்தையும் கூட வந்தார்கள். திருப்பதிக்கு உன் சித்தப்பா குடும்பம். ஊட்டிக்கு நீ, கைக்குழந்தை. டெல்லிக்கு அவர் ஆபீஸ் ஆட்கள். "நாம ரெண்டு பேர் மட்டும் எங்கயாவது போனது இதான் முதல் தடவை, பாத்தியா?" என்றார். நான் கஷ்கொட்டைத் தோலைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டிருந்தேன், ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

நீ வந்திருந்தால் வரிசையில் நின்று டிராமில் ஏறியிருப்போம், நீ காட்டின பக்கமெல்லாம் பார்த்திருப்போம், எட்டு மணிக்குச் சாப்பிட வைத்துத் தூங்கப் போகச் சொல்லியிருப்பாய். அது தப்பு என்று சொல்லவில்லை, உன் பாசம் எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போகலாம் என்கிறாய், போகலாம், டிக்கெட் போடு. ஆனால் அதில் ஒரு முழு நாள் நீங்கள் இரண்டு பேரும் ரூமிலேயே இருந்துகொள்ளுங்கள், எங்களைத் தேடாதீர்கள். போனை அப்பா அணைத்துத்தான் வைப்பார்.

முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி,
அம்மா