அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும்

அன்புள்ள அக்கா,

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று உறையைப் பிரிக்கும்போதே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இது அவள் காதில் என் வாயிலிருந்து முதலில் விழக்கூடாத விஷயம். நான் நன்றாக இருக்கிறேன். அதை இன்னொரு தடவை படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போ.

எடையைக் குறைக்க எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து 5 வாரம் ஆகிறது.

ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறேன், நாலு நாள் பேச முடியாது என்று சொன்னேனே, அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன். திட்டுவதை மொத்தமாகச் சேர்த்து வைத்துக்கொள், வந்து வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வீடியோவில் கழுத்துக்கு மேல் மட்டும் காட்டிக்கொண்டிருந்ததும் அதனால்தான். முகம் வாடியிருக்கிறதே என்று அம்மா கேட்டபோது லைட்டின் மேல் பழியைப் போட்டேன்.

128 கிலோ இருந்தேன் அக்கா. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கில் 45. சர்க்கரை உனக்குத் தெரியும். தெரியாதது, இரண்டு வருஷமாக ராத்திரி முகத்தில் மாஸ்க் கட்டி, மெஷின் ஊதும் காற்றில்தான் தூங்கினேன் என்பது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. நடந்து குறைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். மூன்று தடவை குறைத்தேன். ஒவ்வொரு தடவையும் போன எடை கூட்டாளியையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தது. குறையக் குறைய உடம்பு பசியை ஏற்றிவிட்டு, தன் சக்திச் செலவைச் சுருக்கிக்கொள்ளுமாம். டாக்டர் அதைச் சொன்னபோது, இத்தனை வருஷம் என்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டது பாதிக்கு மேல் வீண் என்று தோன்றியது.

செய்தது இதுதான். வயிற்றில் ஐந்து சின்னத் துளை போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக் குழாயாக ஸ்டேப்பிள் அடித்துத் தைத்துவிட்டார்கள். முன்பு ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். இப்போது 100, 150 மில்லி. ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் கல்லீரல் சுருங்குவதற்காக அரைப் பட்டினி போட்டார்கள். சொன்னால் நம்பமாட்டாய், மொத்தத்தில் அதுதான் கஷ்டமான பகுதி.

ஃபாரத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு கட்டம் இருந்தது. உன் பெயரையும் நம்பரையும் எழுதினேன். கவுன்டரில் இருந்த பெண் பார்த்துவிட்டு, ராத்திரி கூப்பிட்டால் வந்து நிற்கக்கூடியவர் வேண்டும் என்றாள். அடித்துவிட்டு, என்னோடு தங்கியிருக்கும் பெரியவர் பெயரை எழுதினேன். அவரும் வேறு நாட்டுக்காரர். இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது இந்த ஊர் மொழி, அதுவும் அரைகுறையாக. உன் பெயரின் மேல் கோடு இழுத்தபோது கை நடுங்கியது. மயக்க மருந்துக்குக் கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

கண் விழித்ததும் வயிறு வலிக்கும் என்று நினைத்தேன். வலித்தது தோள். வயிற்றுக்குள் இடம் பண்ண கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை அடித்து ஊதச் செய்கிறார்கள். மிஞ்சியது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்துகிறது. அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறதாம். நர்ஸ் வந்து, 0 முதல் 10 வரை வலி எத்தனை என்றாள். நமக்கு வலி என்றால் குத்துது, கடுக்குது, எரியுது, சுருக்குன்னு இழுக்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது என்றுதானே சொல்லத் தெரியும்? கடுப்பு என்பதற்கு இவர்கள் மொழியில் சொல் தேடினேன், அகப்படவில்லை. "ஆறு" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும் வாயு கரையவும் நடைதான் வைத்தியம். வீட்டுக்கு வந்த பிறகும் 14 நாள் ரத்தம் உறையாமல் இருக்க நானே வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். சின்ன வயதில் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவன்தான்.

இனி சாப்பாட்டுக் கதை. அம்மா அதைத்தானே கேட்பாள்.

முதல் வாரம் சாப்பாடே கிடையாது, குடிப்பதுதான் முழுநேர வேலை. மருந்து குடிக்கும் சின்னப் பிளாஸ்டிக் கப் ஒன்று கொடுத்தார்கள், 30 மில்லி பிடிக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். கணக்குப் போட்டுப் பார், 50 கப். ஒரு கப்பைக் கால் மணி நேரம் வைத்து உறிஞ்ச வேண்டும். கடகடவென்று அண்ணாந்து குடித்துப் பழகியவனுக்கு அதுவே தண்டனை. ஒரு வாய் கூடப் போனால் நெஞ்சுக்கு நடுவில் கல் மாதிரி நிற்கும். ஸ்ட்ரா கூடாது, காற்றும் சேர்ந்து போகும். சோடா, கோலா வகையறா கூடவே கூடாது. படுக்கை ஓரத்தில் அந்தக் கப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்று முடிந்ததும் நோட்டில் ஒரு கோடு போடுவேன். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு கட்டு. முதல் ஐந்து நாளும் பத்துக் கட்டு வரவில்லை, ஆறாம் நாள் ராத்திரி வந்தது. பெரியவரை எழுப்பிக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்புறம் பால், வடிகட்டிய சூப், புரதப் பொடி. மூன்றாம் வாரம் எல்லாம் மசித்து, குழந்தைக்கு ஊட்டுகிற பதத்தில். இப்போது மெத்தென்ற சாப்பாடு: முட்டை, வெந்த மீன், தயிர், குழைய வெந்த பருப்பு. சாதாரணச் சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். அதனால் தட்டில் முதலில் புரதம், இடம் மிச்சமிருந்தால் காய். அதற்குப் பிறகு இடம் மிச்சமிருந்ததே இல்லை. சாப்பிடும்போது தண்ணீர் தொடக்கூடாது, முடித்து அரை மணி கழித்துத்தான்.

இதெல்லாம் தெரிந்தே ஒரு தப்புப் பண்ணினேன். நாலாம் வாரம், வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள். ராத்திரி ஒரு முட்டையை வேக வைத்து, லேப்டாப்பில் மெயில் பார்த்தபடி சாப்பிட்டேன். நாலாவது துண்டு இறங்கவில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ முஷ்டியை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. மூக்கு ஒழுகியது, பிறகு வாய் முழுக்க எச்சில் நுரை நுரையாக ஊறியது. விழுங்க முடியாது, துப்பத் துப்ப வருகிறது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் குனிந்தே நின்றேன். பெரியவர் எழுந்து வந்து ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று சைகை காட்டினார். மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினேன், 96. நாடி 120-ஐத் தாண்டி அப்படியே நின்றாலோ, காய்ச்சல், மூச்சு வாங்கல், ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி என்று எது வந்தாலோ ஒரு நிமிஷம் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தையல் விட்டுப்போனால் அப்படித்தான் காட்டுமாம். எனக்கு அது இல்லை. முட்டை ஒருவழியாக மேலே வந்து விழுந்தது, வலியும் போனது.

காலையில் போன் பண்ணினேன். நர்ஸ் திட்டவில்லை. எத்தனை நிமிஷத்தில் சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டாள். ஏழு என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அன்றிலிருந்து குழந்தைக் கரண்டி, கடிகாரம், இருபது நிமிஷம், ஒரு வாய்க்கு இருபது இருபத்தைந்து மெல்லல். மூக்கு ஒழுக ஆரம்பித்தால் அதுதான் எனக்குப் 'போதும்' மணி. சிலருக்கு விக்கல் வருமாம், சிலருக்குத் தும்மல்.

விசித்திரம் என்ன தெரியுமா? பசியே இல்லை. பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுத்த அந்தப் பகுதியில்தான். பசி நாள் போகப் போகக் கொஞ்சம் திரும்புமாம், அதற்குள் பழக்கத்தை மாற்றிக்கொள் என்கிறார்கள். வயிறு சும்மா இருந்தாலும் ராத்திரி 9 மணி ஆனால் கால் தானாக ஃபிரிட்ஜ் பக்கம் போகிறது. கதவைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் அந்த வெளிச்சத்தில் நிற்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். இங்கே வந்த முதல் வருஷம் வேலை முடிந்து வந்தால் பேச ஆள் கிடையாது. நீங்கள் எல்லாம் தூங்கியிருப்பீர்கள். அந்த 9 மணிக்கு நான் தட்டோடுதான் பேசினேன். சாப்பிட்டு முடிக்கும்வரை யாரோ எதிரில் இருக்கிற மாதிரி இருக்கும். முடிந்ததும் போய்விடுவார்கள், அதனால் இன்னொரு தட்டு. டாக்டர் வயிற்றைத்தான் வெட்டினார், அந்த 9 மணியை வெட்டவில்லை. இரண்டாம் வாரம் ஒரு நாள் டிவியில் யாரோ ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டதைப் பார்த்து ஏங்கி ஏங்கி அழுதேன். ரொட்டி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பது உனக்கே தெரியும். இப்படி அழுவது சகஜம்தான், சிலர் சாவு வீட்டுத் துக்கம் மாதிரி சாப்பாட்டுக்குத் துக்கம் காப்பார்கள் என்று உணவு ஆலோசகர் சொன்னார். இப்போது 9 மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கிறேன். தெருமுனை நாய் ஒன்று என்னைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டது.

எடை இப்போது 114. மூன்றாம் வாரம் தொடங்கி ஒன்பது நாள் முள் அசையவே இல்லை. அத்தனையும் பண்ணி இதுவும் பழைய கதைதானா என்று தராசை எட்டி உதைத்தேன் (விரல்தான் வீங்கியது). நிறையப் பேருக்கு அப்படி நிற்குமாம். எடை பெரிதாக இறங்குமுன்னே சர்க்கரை இறங்கிவிட்டது, மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்கள். மாஸ்க் இன்னும் இருக்கிறது, ஆனால் காலையில் தலை பாரமாக இல்லை. குளிர்தான் முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது, மலச்சிக்கல் வேறு. அதை விவரித்து எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வைட்டமின் மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக்கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதற்காகப் போனில் ஆறு அலாரம். ஆபீஸில் என்னை அலாரம் சார் என்கிறார்கள். அத்தானிடம் சொல்லிவை, எனக்கு முதுகு வலி என்றதும் இபுப்ரோஃபென் போடு என்று அவர் வைத்தியம் சொல்லக்கூடாது. இரைப்பையில் புண் வரலாம், எனக்குப் பாராசிட்டமால் மட்டும்தான்.

சரி, அம்மா விஷயம். என்னைத் திட்டினால் பரவாயில்லை. அவள் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும்: நான் ஊட்டி ஊட்டி வளர்த்த வயிறு, அதைப் போய் வெட்டிக்கொண்டானே, என் கையால்தானே இப்படி ஆனான். இந்த இரண்டில் எதையாவது சொல்லி மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அவள் ஊட்டியதால் வந்த எடை இல்லை இது, அவள் பக்கத்தில் இல்லாமல் வந்தது என்று சொல். இல்லை, அப்படிச் சொன்னாலும் அழுவாள். எப்படிச் சொல்வது என்று உனக்குத்தான் தெரியும், நீயே பார்த்துக்கொள். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு சொல். முன்னால் சொன்னால் அன்று சாப்பிடமாட்டாள்.

மூன்றாம் மாதத்துக்கு மேல் முடி கொட்டுமாம், பிறகு முளைத்துவிடும். வீடியோவில் அதைப் பார்த்து அவள் வேறு ஏதோ வியாதி என்று நினைக்காமல் இதையும் சேர்த்தே சொல்லிவிடு. சொன்ன பிறகு ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிடு. "என்ன சாப்பிட்டே?" என்று கேட்பாள். இத்தனை நாள் தினம் ஒரு பெரிய சாப்பாட்டைக் கற்பனை பண்ணிச் சொல்லி அலுத்துவிட்டது. இன்றைக்கு நான் சாப்பிட்டது ஒரு முட்டை, மூன்று கரண்டித் தயிர், இருபத்திரண்டு நிமிஷம்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் தம்பி

பின்குறிப்பு: பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்து வைத்திருப்பதாக அத்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டார். பில்லைத் தொலைக்காதே, மாற்ற வேண்டிவரும். அந்தச் சட்டையில் இப்போது நானும் பெரியவரும் சேர்ந்து நுழையலாம்.